13.9 மில்லிமீட்டர் வலி

கையில் பிடித்து ஆடும் கேம் கருவிகள் கனத்துக்கொண்டே போகின்றன. பிடிப்பதற்கான இடம் மட்டும் கூடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்த கிரிப் கண்ட்ரோலர்களில் உங்கள் கைக்கு எது பொருந்தும்?

சனிக்கிழமை மாலை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். பைக்கை நகர்த்தக்கூட இடமில்லாத கூட்டம். சார்ஜர், ஹார்ட் டிஸ்க், சிசிடிவி கேமரா என்று அடுக்கியிருக்கும் கடைகளைத் தாண்டிப் போனால், கேம் சாமான் விற்கும் கடைகளின் கண்ணாடி மேசை முன்னால் இரண்டு மூன்று பேராவது நிற்பார்கள். அவர்களில் ஒருவர் பையிலிருந்து நின்டெண்டோ ஸ்விட்சை எடுத்து மேசைமேல் வைப்பார்.

“அண்ணே, ஒரு மணி நேரம் ஆடினாலே கட்டைவிரல் அடியில சுர்ருனு இழுக்குது. இதுக்கு ஏதாச்சும் கிரிப் இருக்கா?”

“மேல மாட்டுற கவர் வேணுமா தம்பி, இல்ல ஜாய்கானையே கழட்டிட்டு வேற மாட்டணுமா?”

வந்தவருக்குப் பதில் தெரியாது. அவர் மனத்தில் இருந்தது ஒரே கேள்விதான்: எவ்வளவு ஆகும்? விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு போவார். சில வாரத்தில் அதே வலியோடு திரும்பி வருவார். அல்லது கருவியை அலமாரியில் வைத்துவிடுவார்.

கடைக்காரர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை சொல்ல, கருவியைப் பார்ப்பதற்கு முன்னால் நம் கையைப் பார்க்க வேண்டும். கேம் கருவி வாங்குகிறவர்கள் திரை எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், சேமிப்பு எத்தனை ஜிபி என்று விசாரிக்கிறார்கள். பிடித்துப் பார்த்து வாங்குபவர்கள் குறைவு. பிடித்தாலும் அரை நிமிடம்தான். அரை நிமிடத்தில் எந்தக் கருவியும் வலிக்காது.

தட்டையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு

ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று விற்பனைக்கு வந்தது. நடுவில் திரை, இருபுறமும் தண்டவாளத்தில் சறுக்கி மாட்டும் ஜாய்கான் என்ற இரண்டு சிறு கண்ட்ரோலர்கள். டிவியில் இணைத்தும் ஆடலாம், கையில் எடுத்துக்கொண்டும் போகலாம். ஒரு ஜாய்கானைக் கழற்றி, படுக்கைவாட்டில் திருப்பி, பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்தால் இருவர் ஆடலாம்.

அந்தப் பகிர்வுதான் ஸ்விட்சின் உயிர். அதற்காகத்தான் ஜாய்கான் மெல்லியதாக, பின்புறம் புடைப்பில்லாமல் வார்க்கப்பட்டது. உள்ளங்கைக்கு ஏற்ற குமிழ் வைத்தால் படுக்கைவாட்டில் பிடிக்க முடியாது. இடது ஜாய்கானில் சிலுவை வடிவ டி-பேடுக்குப் பதில் நான்கு தனித்தனிப் பட்டன்கள் இருப்பதும் இதனால்தான். திருப்பிப் பிடிக்கும்போது அந்த நான்கும் இன்னொருவருக்கு செயல் பட்டன்களாக வேண்டும்.

நல்ல எண்ணம்தான். ஆனால் விலை கொடுத்தது தனியாக ஆடுபவரின் கை. இது நின்டெண்டோவுக்குத் தெரியாமல் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஸ்விட்ச் பெட்டிக்குள்ளேயே ‘ஜாய்கான் கிரிப்’ என்ற ஒரு பிளாஸ்டிக் பிடி வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு ஜாய்கானையும் அதில் செருகினால் உள்ளங்கையில் பதியும் கண்ட்ரோலராகிவிடும். டிவி முன்னால் உட்கார்ந்து ஆடுபவருக்கு அந்தப் பிடி உண்டு. 400 கிராம் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு ஆடுபவருக்கு இல்லை. பிடி யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அதைக் கொடுக்காமல் விட்டார்கள்.

----------
எடையும் தடிமனும்

ஸ்விட்ச் (2017): ஜாய்கானோடு சுமார் 400 கிராம். தடிமன் 13.9 மி.மீ.
ஸ்விட்ச் லைட் (2019): சுமார் 275 கிராம். தடிமன் 13.9 மி.மீ.
ஸ்விட்ச் ஓலெட் (2021): சுமார் 420 கிராம். தடிமன் 13.9 மி.மீ.
ஸ்விட்ச் 2 (2025): சுமார் 534 கிராம். தடிமன் 13.9 மி.மீ.

ஒப்பிட்டுப் பார்க்க, 1989இல் வந்த முதல் கேம் பாயின் தடிமன் 32 மி.மீ.
----------

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எட்டு ஆண்டில் எடை மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. திரை 6.2 அங்குலத்திலிருந்து 7.9 அங்குலமாகி, கருவி அகன்று, இரு கைகளும் இன்னும் விலகிப் போயிருக்கின்றன. தடிமனில் மட்டும் ஒரு இழைகூட மாற்றமில்லை.

ஒரு கைப்பிடி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதற்குத் தொழிற்கூடங்களில் அளவு உண்டு. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2004இல் கைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அழுத்திப் பிடித்து வேலை செய்யும் கருவிகளின் பிடி சுமார் 32 முதல் 51 மி.மீ. விட்டம் இருக்கலாம் என்கிறது அது. நுணுக்க வேலைக்கான கருவிகளுக்கு அது சொல்லும் அளவு 6 முதல் 13 மி.மீ. கேம் கருவி சுத்தியல் அல்ல. இந்த அளவை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அரைக் கிலோவைத் தாங்கும் வேலையையும், ஸ்டிக்கை இழை இழையாக நகர்த்தும் வேலையையும் ஒரே நேரத்தில் ஒரே கை செய்ய வேண்டியிருப்பதுதான் இங்கே சிக்கல். 13.9 மி.மீ. தடிமன் இரண்டாவது வேலைக்குக் கிட்டத்தட்ட ஒத்து வரும். முதல் வேலைக்கு வராது.

கட்டைவிரலுக்கு இரண்டு வேலை

தாம்பாளத்தை இரு ஓரத்திலும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான கன்சோலைப் பிடிப்பதும் அப்படித்தான். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் பின்னால் நின்று தாங்குகின்றன. உள்ளங்கையில் எதுவும் படியாமல் ஒரு குழி விழுகிறது. கருவி வழுக்காமல் இருக்கக் கட்டைவிரலின் அடிப்பகுதி முன்னாலிருந்து அழுத்தியாக வேண்டும். அதே கட்டைவிரல்தான் ஸ்டிக்கையும் சுழற்ற வேண்டும், பட்டனையும் தட்ட வேண்டும்.

பிடிப்பது, ஆடுவது என்று ஒரே விரலுக்கு இரண்டு வேலை. வலியின் வேர் இதுதான். நல்ல கிரிப் செய்ய வேண்டிய காரியம், பிடிக்கும் வேலையைக் கட்டைவிரலிடமிருந்து வாங்கி உள்ளங்கையிடம் ஒப்படைப்பது. ரப்பர் மிருதுவாக இருக்கிறதா, பார்க்க எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். ஆடும்போது பிடிப்பதுபோலவே பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலையும் இரண்டு ஆள்காட்டி விரலையும் மெல்லத் தூக்குங்கள். மீதி மூன்று விரலும் உள்ளங்கையும் சேர்ந்து கருவியை அசையாமல் தாங்கினால் அந்தக் கிரிப் உங்கள் கைக்கு ஏற்றது. கருவி முன்னால் சாய்ந்தாலோ, தூக்கிய விரலை உடனே திரும்ப வைக்கத் தோன்றினாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

வலது ஸ்டிக்கையும் கவனியுங்கள். ஜாய்கானில் அது ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்களுக்குக் கீழே இருக்கிறது. கேமராவைத் திருப்பவும் குறிபார்க்கவும் கட்டைவிரல் உள்நோக்கி மடங்கி இறங்க வேண்டும். பக்கவாட்டில் ஓடும் மாரியோ வகை ஆட்டங்களில் அந்த ஸ்டிக்கைத் தொடுவதே அபூர்வம். சுடும் ஆட்டங்களிலும் பெரிய திறந்தவெளி ஆட்டங்களிலும் அதை விட்டு விரல் நகராது. வெறும் ஜாய்கானோடு ஒருவர் நூறு மணி நேரம் சுகமாக ஆடுவதற்கும் இன்னொருவர் இரண்டாம் நாளே கையை உதறுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். என்ன ஆடுகிறோம் என்பதைச் சொல்லாமல் கிரிப் கேட்பதில் பயனில்லை.

விரல்கள் வளைந்த கதை

கருவிக்காகக் கை வளைவது புதிதல்ல. சோனியின் பி.எஸ்.பி.யில் ஒரே ஒரு அனலாக் ஸ்டிக்தான். ‘மான்ஸ்டர் ஹண்டர்’ ஆட்டத்தில் நடப்பதற்கு அந்த ஸ்டிக். கேமராவைத் திருப்ப அதற்கு மேலே உள்ள திசைப் பட்டன்கள். இரண்டும் இடது கைப்பக்கம். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்க, ஜப்பானிய ஆட்டக்காரர்கள் கட்டைவிரலை ஸ்டிக்கில் வைத்து, ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்து மேலிருந்து பட்டன்களை அழுத்தினார்கள். ‘மோன்ஹான் மோச்சி’, அதாவது மான்ஸ்டர் ஹண்டர் பிடி, என்று அதற்கு ஒரு பெயரே நிலைத்துவிட்டது. 2011 டிசம்பரில் அந்தத் தொடரின் அடுத்த ஆட்டம் நின்டெண்டோ 3டி.எஸ். கருவியில் வந்தபோது, ‘சர்க்கிள் பேட் புரோ’ என்ற தொட்டில் ஒன்றும் கூடவே வந்தது. 3டி.எஸ்.ஸை அதில் உட்கார வைத்தால் இரண்டாவது ஸ்டிக்கும் பிடிமானமும் கிடைக்கும். தனியாக ஒரு சிறு பேட்டரி, தனியாக ஒரு விலை.

மெல்லிய கருவியை முதலில் விற்பது, கைக்குத் தேவையானதைப் பிறகு தனியாக விற்பது என்ற வழக்கம் அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது.

கவரா, கண்ட்ரோலரா?

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். சந்தையில் இருப்பவை மூன்று வகை.

முதலாவது மேலே மாட்டும் கிரிப். ஸ்விட்சை அப்படியே உள்ளே நுழைத்தால் பின்னால் இரண்டு பிடி முளைக்கும். ஸ்கல் அண்ட் கோ, சாட்டிஸ்ஃபை போன்ற நிறுவனங்கள் இவற்றால்தான் பெயர் வாங்கின. இதில் மின்சுற்றே இல்லை. கெட்டுப்போக எதுவும் இல்லை. ஜாய்கானின் அதிர்வு, சாய்வு உணரி எல்லாம் அப்படியே வேலை செய்யும். ஸ்கல் அண்ட் கோவின் நியோகிரிப்பில் பின்பிடிகளை மட்டும் வெவ்வேறு அளவில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே கருவியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி ஆடும் வீட்டுக்கு இது பெரிய வசதி. ஆனால் வலது ஸ்டிக் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். உங்கள் வலிக்குக் காரணம் அந்த ஸ்டிக் என்றால் இந்தக் கவர் பாதி வலியைத்தான் தீர்க்கும்.

இரண்டாவது வகையைத்தான் ‘கிரிப் கண்ட்ரோலர்’ என்று சொல்ல வேண்டும். ஜப்பானின் ஹோரி நிறுவனம் 2019இல் கொண்டுவந்தபோது அங்கே வைத்த பெயரும் அதுவே. மற்ற நாடுகளில் ‘ஸ்ப்ளிட் பேட் புரோ’. நின்டெண்டோவின் அனுமதியோடு வந்தது. ஜாய்கான்களைக் கழற்றிவிட்டு இவற்றை அதே தண்டவாளத்தில் ஏற்ற வேண்டும். உள்ளங்கையை நிரப்பும் தடித்த பிடி, முழு அளவு ஸ்டிக்குகள், பெரிய ட்ரிக்கர், உண்மையான டி-பேட், பின்னால் பக்கத்துக்கு ஒரு கூடுதல் பட்டன்.

அந்தப் பின்பட்டன்களை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முன்னால் உள்ள எந்தப் பட்டனின் வேலையையும் அவற்றுக்குக் கொடுக்கலாம். குதிப்பதற்கான பட்டனைப் பின்னால் வைத்துவிட்டால் கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு எழவே வேண்டியதில்லை. சும்மா தாங்கிக்கொண்டிருந்த நடுவிரல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அழுத்திக்கொண்டிருந்தாலே விடாமல் தட்டியதாகக் கணக்காகும் ‘டர்போ’ வசதியும் உண்டு. ஒரே பட்டனை நூறு முறை தட்டச் சொல்லும் ஆட்டங்களில் விரல் மூட்டுகளுக்கு இது நிஜமான ஓய்வு.

இழப்புகளும் சின்னவை அல்ல. ஸ்ப்ளிட் பேட் புரோவில் பேட்டரி இல்லை, புளூடூத் இல்லை. கன்சோலிலிருந்து கழற்றிய நொடியே உயிர் போய்விடும். டிவியில் ஆட ஜாய்கானைத் திரும்பத் தேட வேண்டும். அதிர்வு கிடையாது. சாய்வு உணரி கிடையாது. ‘ஸ்ப்ளாட்டூன்’ ஆட்டத்தில் கருவியைச் சாய்த்துக் குறிபார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கடைசி இழப்பு பொறுக்க முடியாததாக இருக்கும். பெரிய பிடி காரணமாகப் பழைய உறையில் அடங்காது, புது உறை வாங்க வேண்டும். எப்போதும் கையில் வைத்தே ஆடுகிறவர், அதிலும் தனியாக ஆடுகிறவர் என்றால் நான் இதையே சொல்வேன். வீட்டில் இரண்டு குழந்தைகள் ஜாய்கானைப் பிரித்துப் பங்கு போட்டு ஆடுகிறார்கள் என்றால் வாங்கவே வேண்டாம். மேலே மாட்டும் கிரிப் போதும்.

மூன்றாவது, முழுக் கூடு. 2023இல் வந்த கிராக்டு நிறுவனத்தின் ‘நைட்ரோ டெக்’ இந்த வகை. திரைப்பகுதியை மட்டும் அதன் நடுவே இறக்கினால் எல்லாம் ஒரே உறுதியான உடலாகிவிடும். தண்டவாளம் ஆடும் தொந்தரவு இல்லை. எடையும் அளவும் கூடும். பயணப் பையில் இடம் இருப்பவர்களுக்கு.

பெரிய கை, சின்னக் கை

ஸ்ப்ளிட் பேட் புரோவைப் பற்றி எழுந்த முக்கியக் குறை அதன் பருமன்தான். பெரிய உள்ளங்கைக்கு அது வரப்பிரசாதம். சின்னக் கைக்கு ஆள்காட்டி விரல் ட்ரிக்கரை எட்டவே எட்டாது. எட்டுவதற்காகக் கையை மேலே நகர்த்தினால் பிடி உள்ளங்கையை விட்டு நழுவும். 2022இல் ஹோரியே ‘ஸ்ப்ளிட் பேட் காம்பாக்ட்’ என்று மெலிந்த ஒன்றைக் கொண்டுவந்தது.

பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் இதில் ஏமாந்துவிடக் கூடாது. ‘புரோ’ என்றால் உயர்ந்தது, ‘காம்பாக்ட்’ என்றால் மட்டம் என்று கடையில் புரிந்துகொள்வது இயல்பு. இங்கே அது செருப்பு அளவு மாதிரியான விஷயம், தரத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய அளவையும் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் வியக்க வைக்கும். மிகப் பெரிய கைக்காரர் “அருமையா இருக்கு” என்று சொன்னதைக் கேட்டு மிகச் சின்னக் கைக்காரர் வாங்கினால் பணம் வீண்.

எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தடித்த கிரிப் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. 275 கிராம் ஸ்விட்ச் லைட் அந்தக் கைக்குத் தானாகவே பொருந்துகிறது. பெரிய ஸ்விட்ச்தான் வீட்டில் இருக்கிறது என்றால் மடியில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் முழங்கையையும் கருவியையும் சாய்த்து ஆடச் சொல்லுங்கள். எடை கையிலிருந்து தலையணைக்குப் போய்விடும். பெரியவர்களுக்கும் இதைவிட மலிவான மருந்து இல்லை.

வலி எங்கே போய் முடிகிறது

1990இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் ரிச்சர்ட் பிரேசிங்டன் என்ற மருத்துவர் ஒரு சிறு கடிதம் எழுதினார். 35 வயதுப் பெண் ஒருவர் இடைவிடாமல் ஐந்து மணி நேரம் நின்டெண்டோ ஆடிவிட்டுக் கட்டைவிரல் வலியோடு வந்ததைப் பற்றிய கடிதம் அது. பட்டனை ஓயாமல் அழுத்தியதால் தசைநாண் புண்பட்டிருந்தது. கடிதத்துக்கு அவர் வைத்த தலைப்பு ‘நின்டெண்டினைடிஸ்’. விளையாட்டாக வைத்த பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது.

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் புகுந்து போகின்றன. விரல் ஓயாமல் அசைந்தால் அந்த உறை தடித்து, நாண்கள் நெருக்குண்டு வலிக்கும். 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் பெயரால் இது அறியப்படுகிறது. நம் வீடுகளில் இது அதிகம் வருவது கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கிப் போடும் இளம் தாய்மாருக்கு. கேம் ஆடும் பிள்ளைக்கும் அதே இடத்தில் அதே வலி வரலாம். “போன் பாத்துப் பாத்துத்தான் கை வலிக்குது” என்று திட்டிவிட்டுத் தைலம் தேய்த்துவிடுவதோடு நின்றுவிடாமல், எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்வது நல்லது.

முழங்கை இன்னொரு இடம். கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே கருவியைத் தூக்கிப் பிடிப்பவர்கள் முழங்கையை மடித்தே வைத்திருப்பார்கள். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு இழுபட்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இதற்கு எந்தக் கிரிப்பும் தீர்வல்ல. உட்கார்ந்து ஆடுவதே தீர்வு.

மணிக்கட்டும் அப்படியே. அது பின்னால் வளைந்தபடி நெடுநேரம் இருந்தால் நடுநரம்பு போகும் குகைக்குள் அழுத்தம் ஏறும். நல்ல பிடி, மணிக்கட்டை முன்கையோடு ஒரே கோட்டில் நிறுத்தும். கண்ணாடி முன்னால் ஒருமுறை ஆடிப் பாருங்கள். கோணல் தெரிந்தால் அந்தக் கிரிப்பின் சாய்வு உங்களுக்கு ஒத்துவரவில்லை.

கண்ட்ரோலரால் காயம் என்பது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த ‘மாரியோ பார்ட்டி’ ஆட்டத்தில் ஸ்டிக்கை அதிவேகமாகச் சுழற்றும் போட்டிகள் இருந்தன. பிள்ளைகள் விரலை விட்டுவிட்டு உள்ளங்கையால் தேய்த்துச் சுழற்றினார்கள். கை கொப்பளித்தது, தோல் உரிந்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தலையிட்டது. 2000இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கேட்டு வந்த குடும்பங்களுக்கு நின்டெண்டோ கையுறை வழங்க நேர்ந்தது.

----------
எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடுங்கள். முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் ஓரத்தில் சுரீரென்று வலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விரல் மரத்துப்போவது, இரவில் கை எரிந்து விழிப்பது, பொருள் கை நழுவுவது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் கிரிப் வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.
----------

தானாக நகரும் ஸ்டிக்

ஸ்டிக்கைத் தொடாமலேயே திரையில் பாத்திரம் நடக்கத் தொடங்கும். ‘டிரிஃப்ட்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்தக் கோளாறு ஜாய்கானின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டிக்கின் அடியில் ஒரு உலோக முனை கார்பன் பூச்சின்மேல் உரசி உரசித்தான் எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்பதை அறிகிறது. உரசுவது தேயும். 2019இலேயே அமெரிக்காவில் வழக்குகள் தொடங்கின. 2020இல் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டார். 2023இல் ஐரோப்பாவில் வாரண்டி முடிந்த ஜாய்கான்களுக்கும் இந்தக் கோளாறை இலவசமாகச் சரிசெய்து தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நமக்கு அந்தச் சலுகை எட்டாது. ஸ்விட்சை இந்தியாவில் நின்டெண்டோ முறைப்படி வெளியிடவில்லை. இங்கே இருப்பவை இறக்குமதியாளர்கள் வழியாகவோ வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியிலோ வந்தவை. கெட்டால் தெரு முனை சர்வீஸ்காரர்தான். ஆகவே மாற்றுக் கண்ட்ரோலர் வாங்கும்போது ‘ஹால் எஃபெக்ட்’ ஸ்டிக்கா என்று கேளுங்கள். அதில் உரசல் இல்லை. ஒரு காந்தத்தின் அசைவை எதிரே உள்ள உணரி தொடாமலேயே படிக்கிறது. நைட்ரோ டெக்கில் இது உண்டு. உரசித் தேய்வது இல்லாததால் டிரிஃப்டுக்கான முக்கியக் காரணமே விலகிவிடுகிறது. எனக்கு இது அதிர்வு வசதியைவிட முக்கியமாகப் படுகிறது.

ஸ்விட்ச் 2: பழைய கிரிப் செல்லாது

2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தபோது தண்டவாளம் போய்விட்டது. ஜாய்கான் 2 காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. பழைய ஜாய்கான்களைப் புதிய கருவியோடு கம்பியில்லாமல் இணைக்கலாம், காரணம் அவற்றில் பேட்டரியும் புளூடூத்தும் உண்டு. பேட்டரியே இல்லாத ஸ்ப்ளிட் பேட் புரோவைப் புதிய கருவியின் பக்கவாட்டில் மாட்ட வழியில்லை. ஆசையாகச் சேர்த்த பணத்தில் வாங்கியது புதிய கருவிக்கு உதவாமல் போகிறது.

இப்போது கிரிப் வாங்கப் போகிறவர்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதைத்தான்: இன்னும் எத்தனை காலம் பழைய ஸ்விட்சில் ஆடப் போகிறோம்? ஓராண்டுக்குள் மாறப் போகிறீர்கள் என்றால் விலை கூடிய கண்ட்ரோலர் வேண்டாம். பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்கி ஆடப் போகும் கல்லூரி மாணவர் என்றால் இது நல்ல நேரம். ஸ்விட்ச் 2க்கு மாறுகிறவர்கள் தங்கள் பழைய கிரிப்பைக் கைமாற்றிவிடப் பார்ப்பார்கள். வாங்கும்முன் உங்கள் கன்சோலிலேயே மாட்டி, செட்டிங்ஸில் ஸ்டிக் சோதனையை ஓட்டி, நடுவில் நிற்கும் புள்ளி அசைகிறதா என்று பாருங்கள்.

534 கிராம் கருவிக்குப் பிடி அவசியம் என்பதை இனி யாரும் மறுக்க முடியாது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022இல் வந்தபோது 669 கிராம் இருந்தது. ஆனால் உள்ளங்கையில் பதியும் பிடி அதன் உடலிலேயே இருந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல், கண்ட்ரோலரைப் பாதியாகப் பிளந்து நடுவில் திரை வைத்த வடிவம். 2025 அக்டோபரில் வந்த ஆசுஸின் எக்ஸ்பாக்ஸ் ஆலியும் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரின் பிடியையே இருபுறமும் கொண்டிருக்கிறது. இவற்றில் எதுவும் சட்டைப் பையில் அடங்காது. ஸ்விட்சும் அடங்காது. அப்படியிருக்க, அந்த மெல்லிய உடலால் ஆடுபவருக்குக் கிடைத்தது என்ன என்று நின்டெண்டோவைக் கேட்கும் உரிமை காசு கொடுத்தவர்களுக்கு உண்டு.

ஒரே கையால் ஆடுபவர்கள்

கிரிப் பற்றிய பேச்சில் எப்போதும் விடுபட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கை மட்டும் உள்ளவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு விரல் முழுதாக மடங்காதவர்கள், முடக்குவாதத்தால் மூட்டு வீங்கியவர்கள். மற்றவர்களுக்குச் சுகம் என்பது இவர்களுக்கு ஆட முடியுமா முடியாதா என்ற கேள்வி.

1989இல் வந்த அட்டாரி லின்க்ஸ் கருவியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, திரைக் காட்சியையும் திருப்பிக்கொள்ளலாம். இடக்கைக்காரர்கள் அப்படியே ஆடலாம். அந்தக் கரிசனம் பிறகு நீண்ட காலம் காணாமல் போனது. 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் பெரிய மாற்றம்: கால், முழங்கை, தாடை என்று எதனாலும் அழுத்தக்கூடிய தனித்தனி ஸ்விட்சுகளை அதில் செருகலாம். ஹோரி 2020இல் ‘ஃப்ளெக்ஸ்’ என்ற பெயரில் ஸ்விட்ச் கன்சோலுக்கு அதைப் போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. சோனியின் ‘ஆக்சஸ்’ கண்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது.

இவை எல்லாம் விலை கூடியவை. ஸ்விட்சிலேயே காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் வந்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு, எந்தப் பட்டன் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் கண்ட்ரோலர்ஸ் பகுதிக்குள் போனால் பட்டன் மாற்றும் வசதி இருக்கும். வலிக்கும் விரலின் வேலையை வலிக்காத விரலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் பழகுங்கள். கிரிப் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு, எந்த விரலுக்குத்தான் உண்மையில் உதவி தேவை என்பது தெரிந்திருக்கும். கடைக்காரரிடம் அதைச் சொல்லியே கேட்கலாம்.